பார்க்காத பத்தி: பிளஸ் டூ மாணவரும் ஆங்கில வாசிப்புப் பயிற்சியும்

முன்பு படித்திராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, மாணவர் அதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டார் என்று வினாக்கள் வழியே அளக்கும் முறை இன்று பல நாடுகளின் கல்லூரி நுழைவுத் தேர்வுகளில் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியரும் மாணவரும் இதைக் 'காம்ப்ரிஹென்ஷன்' என்றே சொல்வார்கள். சீனாவின் காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 150 மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்திய மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வின் ஆங்கிலத் தாளிலும் இதுவே முதன்மையான பகுதி. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ பொதுத்தேர்வில் மட்டும் இது ஓரத்தில் நிற்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு வெளித்தேர்வு எழுதப் போகும் மாணவர் ஆங்கிலத் தாளில் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இந்த இடைவெளிதான்.

மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. மீதி 10 அகமதிப்பீடு. முன்பு இரண்டு தாள்களாக இருந்த ஆங்கிலம் 2018-19 கல்வியாண்டில் ஒரே தாளாக ஆனது. அந்த ஒரு தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 7, மூன்று மதிப்பெண் வினாக்கள் 7, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 7. அடிக்கோடிட்ட சொற்களுக்குப் பொருளும் எதிர்ச்சொல்லும் கேட்பது பாடத்தில் வந்த வரிகளை வைத்து. 'ஈ.ஆர்.சி.' என்று மாணவர்கள் அழைக்கும், இடஞ்சுட்டி விளக்கும் வினாவில் வரும் கவிதை அடிகளும் பாடத்தில் உள்ளவை. பத்தி பத்தியாக விடை எழுதும் வினாக்கள் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. இவை போக இலக்கணம், கடிதம், குறிப்பெடுத்தல். பார்க்காத பத்திக்குக் கிடைப்பது ஓர் ஐந்து மதிப்பெண் வினா. அதற்கும் பெரும்பாலும் 'அல்லது' என்று ஒரு மாற்று வினா இருக்கும்.

இந்த அமைப்பில் வாசிக்கத் தெரியாமலேயே நல்ல மதிப்பெண் வாங்கலாம். பாடம் முன்கூட்டியே தெரியும், வினா எப்படி வரும் என்று தெரியும், விடை கைடில் இருக்கிறது. மெல்லக் கற்போருக்கென்று 'மினிமம் மெட்டீரியல்' தனியாக அச்சாகிறது. இன்னின்ன நான்கு பத்திகளை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி உறுதி என்று அது வழிகாட்டுகிறது. இதற்காக ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது. நெருக்கமான வகுப்பில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் சரளமாகப் படிப்பவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அவருடையது. பொறியியல் கலந்தாய்வு வேறு இதற்குத் துணை நிற்கிறது. அதன் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆங்கிலம் அதில் கணக்கில்லை. 35 வாங்கினால் போதும் என்கிற பாடத்துக்கு யாரும் இரவு விழித்துப் படிப்பதில்லை.

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் போகும் சாலையில் உள்ள வெள்ளானூர் இந்த நிலையைத் தெளிவாகக் காட்டக்கூடிய ஊர். வில்லிவாக்கம் ஒன்றியத்தைச் சேர்ந்த இந்த ஊராட்சியின் பக்கத்தில் வேல் டெக் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆவடி வட்டாரம் முழுவதுமே பொறியியல் கல்லூரிகள் நிறைந்தது. உயர்கல்வி இங்கே கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, எந்தக் கல்லூரியிலாவது முதலாண்டு வகுப்பில் உட்காரும் மாணவருக்குக் கையில் தரப்படும் ஒவ்வொரு பாடநூலும் ஒரு நீண்ட பார்க்காத பத்திதான். மின்சுற்றுக் கோட்பாட்டை விளக்கும் ஐந்நூறு பக்க ஆங்கில நூலுக்கு மினிமம் மெட்டீரியல் கிடையாது. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 80 வாங்கியவரும் அங்கே திணறுவது அந்த 80 எதை அளந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

இதே வட்டாரத்தில் வேறொரு பாதையும் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலை, மத்திய ரிசர்வ் காவல் படை, விமானப்படை நிலையம் என்று மத்திய அரசு நிறுவனங்கள் நிறைந்த ஆவடியில் கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகள் உள்ளன. அங்கே பின்பற்றப்படும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் 80-க்கு 22 மதிப்பெண் வாசிப்புப் பகுதிக்கு உரியது. ஒரு பத்தி விளக்க வகையிலோ இலக்கிய வகையிலோ அமையும். மற்றொன்று புள்ளிவிவரமோ வரைபடமோ சேர்ந்த ஆய்வுச் செய்தி. ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இரு மாணவரில் ஒருவர் மாதம் தவறாமல் புதிய பத்திகளைப் படித்து விடை எழுதுகிறார். மற்றவர் பாடநூலில் உள்ள 'எ நைஸ் கப் ஆஃப் டீ' கட்டுரைக்கான விடையை ஆறாவது முறை ஒப்பிக்கிறார். இருவரும் பிறகு ஒரே நுழைவுத் தேர்வு அறைக்குப் போகிறார்கள்.

அந்த அறையில் என்ன காத்திருக்கிறது? 2022-இல் தேசியத் தேர்வு முகமை தொடங்கிய க்யூட் தேர்வில் 13 மொழித் தாள்கள் உண்டு. அவற்றில் தமிழும் ஆங்கிலமும் அடக்கம். மொழித்தாளில் செய்தி, கதை, இலக்கியம் என மூவகைப் பத்திகளும் சொல்வள வினாக்களும் வரும். 2025 முதல் 50 வினாக்கள், 60 நிமிடம், எல்லா வினாக்களும் கட்டாயம். சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று குறையும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சேர்க்கைக்கு இந்தத் தேர்வே வழி. சட்டப் படிப்புக்கான கிளாட் இன்னும் கடுமையானது. 2020 முதல் அந்தத் தாள் முழுவதுமே பத்தி வடிவத்துக்கு மாறிவிட்டது. சட்ட அறிவும் நடப்புச் செய்தியும்கூடப் பத்தி வழியாகவே கேட்கப்படுகின்றன. இப்போது 120 நிமிடத்தில் 120 வினாக்கள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர இதை எழுதியாக வேண்டும். சென்னையின் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேர்ப்பதால், மாநிலப் பாடத்திட்ட மாணவர் பலர் திருச்சிப் பல்கலைக்கழகத்தை நினைத்தே பார்ப்பதில்லை. தனியார் பல்கலைக்கழகங்களின் பொறியியல் நுழைவுத் தேர்வுகளில் ஆங்கில வினாக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவை பெரிய தடையல்ல.

காவ்காவ் தேர்வோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் பயன் தரும். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய் 1977-இல் மீண்டும் தொடங்கிய அந்தத் தேர்வுக்கு 2024-இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். ஜூன் 7, 8 தேதிகளில் மொழிகளும் கணிதமும் நடக்கும். ஆங்கிலத் தாளுக்கு 120 நிமிடம். பல மாகாணங்களில் பயன்படும் தேசியத் தாளில் கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40 என்று மதிப்பெண் பிரிகிறது. வாசிப்பில் நான்கு பத்திகள், 15 வினாக்கள். முதல் பத்தி எப்போதும் எளிது: அருங்காட்சியக நேரம், சுற்றுலாக் கட்டணம், போட்டி அறிவிப்பு போன்ற நடைமுறைச் செய்தி. இரண்டாவது பெரும்பாலும் ஒருவரின் அனுபவம். மூன்றாவதும் நான்காவதும் ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், புத்தக அறிமுகம் என்று படிப்படியாகக் கடினமாகும். அதன் பிறகு வருவது அழகான ஒரு வினா: பத்தியில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கேட்கிறார்கள். முன்வாக்கியமும் பின்வாக்கியமும் எதனால் இணைகின்றன என்று பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எழுத்துப் பகுதியிலும் வாசிப்பு நுழைந்திருக்கிறது. பாதிக் கதையைக் கொடுத்து மீதியை இரண்டு பத்தியில் எழுதச் சொல்கிறார்கள். முதல் பாதியைச் சரியாகப் படிக்காதவரால் இரண்டாம் பாதியை எழுத இயலாது.

சீன முறையில் குறையும் உண்டு. 'ஐந்தாண்டுத் தேர்வு, மூன்றாண்டு மாதிரி' என்ற பெயரிலான பயிற்சி நூல் அங்கே மாணவர் மேசைதோறும் தவறாமல் இருக்கும். ஆயிரக்கணக்கான வினாக்களைத் தீர்ப்பதே படிப்பு என்றாகிவிட்டது என்று சீனக் கல்வியாளர்களே வருந்துகிறார்கள். பத்தியை வாசிப்பதை விட்டுவிட்டு விடையை வேட்டையாடும் பழக்கம் வளர்கிறது. தமிழ்நாட்டு மாணவர் பாடத்தை மனப்பாடம் செய்கிறார், சீன மாணவர் வினா வகையை மனப்பாடம் செய்கிறார். ஆயினும் பின்னவர் ஆண்டு முழுவதும் புதிய ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பதை மறுக்க முடியாது. அந்த அளவில் அவர் முன்னே நிற்கிறார்.

இந்த வகைத் தேர்வுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. 1910-களில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கெல்லி அமைத்த மௌன வாசிப்புத் தேர்வே பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையின் முன்னோடி. திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுவதைத் தவிர்க்கவே அவர் அதை உருவாக்கினார். இந்தியாவில் வாசிப்பை முதலில் வைக்கச் சொன்னவர் மைக்கேல் வெஸ்ட். 1920-களில் வங்காளத்தில் பணியாற்றிய அவர், இந்திய மாணவருக்கு ஆங்கிலம் பேசுவதைவிட ஆங்கிலத்தில் படித்தறியும் திறனே முதலில் பயன்படும் என்று வாதிட்டார். சொல் எண்ணிக்கையை அளந்து எழுதிய எளிய வாசகங்களை வரிசையாக வெளியிட்டார். 1953-இல் அவர் தொகுத்த சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் பொதுவான ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தாங்குகிறது. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலம் வேறு வழியில் போனது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியைப் பரவலாகக் கொடுத்த பெரும் முயற்சி அப்போது நடந்தது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்குவது அதன் மையம். அளவில் வியக்கத்தக்க பணிதான். ஆனால் தாமாக ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் காணும் பழக்கம் அதில் பின்தங்கியது.

அந்தக் குறையை நேராகப் பார்த்தவர் என். எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமோ வாக்கியப் பயிற்சியோ இல்லை. மாணவருக்கு ஒரு ரயில் கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு விலைப்பட்டியல் தரப்படும். அதைப் படித்து ஒரு சிக்கலுக்கு விடை காண வேண்டும். பொருளைத் தேடும் மனமே மொழியையும் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1987-இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் மொழி கற்பித்தலில் மேற்கோளாக இருக்கிறது. காவ்காவ் தேர்வின் முதல் பத்தியில் வரும் நேர அட்டவணைக்கும் பிரபுவின் ரயில் அட்டவணைக்கும் உள்ள உறவு நெருக்கமானது. சென்ட்ரல் - ஆவடி - அரக்கோணம் மின்ரயில் நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கப் பாடம் இருக்க முடியாது. கடலூர்ப் பள்ளியில் சோதித்துப் பார்த்த முறை தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வை மாற்றாமல் போனது பெரிய இழப்பு.

வாசித்து விளங்கிக்கொள்வது என்பது உண்மையில் பல திறன்களின் கூட்டு. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் அதை ஒரு பெருக்கலாகக் காட்டினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் அந்த மொழியைக் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்புத் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விளைவும் பூஜ்யம். இந்தியச் சூழலில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் 2023-இல் எடுத்த 'அசர்' என்னும் கிராமப்புறக் கல்வி ஆய்வில் 57 விழுக்காட்டினர் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படித்தார்கள். அப்படிப் படித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பொருள் தெரியவில்லை. வகுப்பில் எழுந்து நின்று தடையில்லாமல் உரக்கப் படிக்கும் மாணவரைப் பார்த்து ஆசிரியர் நிம்மதி அடைவது எவ்வளவு ஏமாற்றத்துக்குரியது என்பதை இந்த எண் சொல்கிறது.

அடுத்து வருவது சொல்வளம். ஒரு பத்தியைத் துணையின்றிப் படித்துப் புரிய, அதில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியல் ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் ஆய்ந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். கிளாட் தேர்வின் 450 சொல் பத்தி ஒன்றில் 98 விழுக்காடு என்றால் தெரியாத சொல் 9. 90 விழுக்காடு என்றால் 45. ஒன்பது சொற்களைச் சூழலைக் கொண்டு ஊகிக்கலாம். நாற்பத்தைந்து சொல் தெரியாதபோது ஊகிக்கச் சூழலே மிஞ்சாது. வெஸ்டின் 2,000 சொற்கள் இந்த மட்டத்துக்குப் போதா. எளிமைப்படுத்தாத செய்தித்தாளையும் நாவலையும் இப்படிப் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்பது நேஷனின் 2006 மதிப்பீடு. பட்டியலை ஒப்பித்து இந்த எண்ணைத் தொட முடியாது. ஒரு சொல்லைப் பல இடங்களில் பலமுறை சந்தித்தால்தான் அது தங்கும். ஆகவே சொல்வளம் பெருக நிறையப் படிப்பதைவிட உறுதியான வழி இல்லை.

மூன்றாவது, பத்தி பேசும் பொருளைப் பற்றிய முன்னறிவு. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்து 1988-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியவராயினும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் அறியாதவர்களைவிட அதிகம் விளங்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ ஆங்கில நூலில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை மொழிபெயர்ப்பாக இருக்கிறது. ஊரும் வீடும் பேச்சும் முன்பே தெரிந்தவை என்பதால் அதன் ஆங்கிலம் மாணவருக்கு வேகமாகப் பிடிபடும். ஐரோப்பியச் சூழலில் நடக்கும் ஒரு கதைக்கு அதே சொல்வளம் போதாமல் போகும். நுழைவுத் தேர்வுப் பத்திகள் பருவநிலை, பொருளாதாரம், நீதித்துறை, தொழில்நுட்பம் பற்றி வருவதால், தமிழ் நாளிதழில் இவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்குக்கூட ஆங்கிலப் பத்தியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. தாய்மொழி வாசிப்பு ஆங்கிலத் தேர்வுக்கு உதவாது என்ற எண்ணம் தவறானது.

தமிழ் மாணவர் ஆங்கில வாக்கியத்தில் எங்கே சிக்குகிறார் என்பதை ஆங்கிலப் பயிற்சி நூல்கள் சொல்வதில்லை, ஏனெனில் அவை தமிழரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. தமிழில் அடைமொழி முன்னால் வரும், பெயர் பின்னால் வரும், வினைமுற்று கடைசியில் நின்று வாக்கியத்தை முடிக்கும். 'ஏரியைத் தூர்வாரிய ஊராட்சியின் தலைவர்' என்று தமிழில் போவது ஆங்கிலத்தில் தலைவரில் தொடங்கி, ஊராட்சிக்குப் போய், தூர்வாரியதில் முடியும். அதுபோல இரண்டு மூன்று அடைகள் பெயருக்குப் பின்னால் அடுக்கி வந்தால், எழுவாய்க்குரிய வினையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மாணவர் தொலைந்துபோகிறார். 'அன்லெஸ்', 'ஹார்ட்லி', 'நாட் அன்டில்' போன்றவை மறைமுகமாக எதிர்மறையைச் சுமந்து வரும்போது பொருள் தலைகீழாகப் புரிகிறது. 'இட்', 'திஸ்', 'விச்' ஆகியவை எதைச் சுட்டுகின்றன என்று பார்க்காமல் கடந்துபோவது மற்றொரு பொதுத் தவறு.

இதற்கு மருந்து தமிழ் மரபிலேயே இருக்கிறது. செய்யுளில் சொற்கள் கிடக்கும் வரிசையும் பொருள் கொள்ளும் வரிசையும் வேறாக இருக்கும் என்பதை உணர்ந்து நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளைச் சொல்கிறது. எட்டில் ஒன்றான கொண்டுகூட்டு, எங்கெங்கோ நிற்கும் சொற்களைப் பொருந்தும் இடத்தில் கொண்டுவந்து கூட்டுவது. பள்ளித் தமிழ் வகுப்பில் மாணவர் இதைப் படிக்கிறார். ஆங்கில வகுப்பில் மறந்துவிடுகிறார். நீண்ட ஆங்கில வாக்கியத்தில் முதலில் வினைமுற்றைக் கண்டு, அதற்குரிய எழுவாயைப் பிடித்து, மீதி அடைகளை உரிய பெயர்களோடு சேர்த்துப் பார்ப்பது கொண்டுகூட்டேதான். பதவுரை, பொழிப்புரை என்ற பழைய வரிசையும் இப்படியே உதவும். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பதை விட்டு, பத்தி முழுவதற்கும் நான்கு வரியில் தமிழில் பொழிப்பு எழுதச் சொன்னால், புரிந்ததும் புரியாததும் உடனே வெளிப்பட்டுவிடும். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று தடுப்பவர்கள் இந்தக் கருவியை மாணவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

வினாக்களின் இயல்பையும் அறிய வேண்டும். அவை பெரும்பாலும் நான்கு வகை: நேரடிச் செய்தி, உய்த்துணர்வு, சூழலில் ஒரு சொல்லின் பொருள், மையக் கருத்து அல்லது தலைப்பு. முதல் வகையில் தவறுகள் குறைவு. மாணவர் மதிப்பெண் இழப்பது இரண்டாவதிலும் நான்காவதிலும். தவறான விடைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்தால் இழப்பு பாதியாகும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பத்தி இப்படிச் சொல்வதாகக் கொள்ளலாம்: நகரத்து ஏரி ஒன்று தூர்வாரப்பட்டது, அடுத்த ஆண்டு நீர்ப்பறவைகள் அதிகம் வந்தன, அந்த ஆண்டு மழையும் வழக்கத்துக்கு மேல் பெய்ததால், பறவை வரத்துக்கு எது காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டவில்லை. பத்தியிலிருந்து பெறப்படுவது எது என்பது வினா. தூர்வாரியதால் பறவைகள் பெருகின என்பது ஒரு விடை. ஏரிகள் நிலத்தடி நீரை உயர்த்துகின்றன என்பது இரண்டாவது. மழை மட்டுமே காரணம் என்பது மூன்றாவது. பறவைகள் பெருகியதற்கான காரணம் உறுதியாகவில்லை என்பது நான்காவது.

நான்காவதே சரி. முதல் விடை, அடுத்தடுத்து நடந்த இரண்டைக் காரண காரியமாக முடிச்சுப் போடுகிறது. மூன்றாவது 'மட்டுமே' என்ற சொல்லால் எல்லை மீறுகிறது. இரண்டாவதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அது உண்மை. ஆனால் பத்தியில் இல்லை. பாடநூல் சார்ந்த தேர்வில் வளர்ந்த மாணவர் உலகில் எது உண்மையோ அதைத் தேர்ந்தெடுக்கப் பழகியவர். இந்தத் தேர்வு கேட்பதோ பத்தியில் எது இருக்கிறது என்று. மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கூட முதல் மாதிரித் தேர்வில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவருடைய அறிவு குறைந்ததாகப் பொருளில்லை, அளவுகோல் மாறிவிட்டது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், எண்ணிக்கையால் பயனில்லை என்பது. பத்துப் பத்திகளை ஓட்டமாகத் தீர்த்து மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து மூடிவைப்பதைவிட, இரண்டை நன்றாகப் படிப்பது மேல். முதல் வாசிப்பு கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அதற்குச் சான்றான வரியின் எண்ணை எழுத வேண்டும். சான்று காட்ட முடியாத விடை, சரியாக அமைந்தாலும் ஊகமே. இரண்டாவது வாசிப்பு நேரக் கணக்கில்லாமல், அகராதியோடு. அதன் பிறகே விடைத்தாளைப் பார்க்கலாம். தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் குறிக்க வேண்டும்: சொல் தெரியவில்லையா, வாக்கியம் பிடிபடவில்லையா, வினாவையே தவறாகப் படித்தாரா, பத்திக்கு வெளியே போனாரா. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் தம்முடைய நோய் எதுவென்று மாணவருக்கே தெரிந்துவிடும்.

சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதும் பழக்கம் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் எங்கும் உண்டு. முதல் வாசிப்பில் அது கேடு. கண் ஆங்கிலத்தை விட்டுத் தமிழ் வரிக்குத் தாவிவிடும். இரண்டாம் வாசிப்பில், பக்க ஓரத்தில் எழுதினால் நன்மை. வாய்விட்டுப் படிப்பதும் பத்தாம் வகுப்போடு குறைய வேண்டும். நுழைவுத் தேர்வில் ஒரு வினாவுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். கிளாட்டின் 450 சொல் பத்தியை நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் படித்தால் மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். பேச்சின் வேகத்தைத் தாண்ட மௌன வாசிப்பு பழகியாக வேண்டும். வினாக்களை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்று பயிற்சி மையங்களில் ஓயாத விவாதம் நடக்கிறது. அட்டவணை, அறிவிப்பு போன்றவற்றுக்கு வினா முதலில் வருவது சரி. வாதம் செய்யும் கட்டுரைக்குப் பத்தியே முதலில். இல்லாவிட்டால் துண்டு துண்டாகத் தேடி, மையக் கருத்தைக் கோட்டைவிட நேரும்.

இவையெல்லாம் தேர்வுக்கு முந்தைய ஆறு மாத வேலை. அதற்கு அடியில் இருக்க வேண்டியது பல ஆண்டு வாசிப்பு. தமிழரும் குடியேறி வாழ்ந்த ஃபிஜித் தீவுகளில், 1980-களின் தொடக்கத்தில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கவிட்டார்கள். அந்த மாணவர்கள் வழக்கமான பாடமுறையில் படித்தவர்களைவிட வாசிப்பில் இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இதற்கு வேண்டியது புத்தகங்களும் ஒரு பாடவேளையும். தமிழ்நாட்டில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006 முதல் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றில் பல இடங்களில் தமிழ் நாளிதழ் மட்டுமே வருகிறது. எட்டாம் வகுப்பு மாணவர் படிக்கத்தக்க எளிய ஆங்கிலக் கதைநூல் நூறு இருந்தால், வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் போன்ற ஊர்களில் பிளஸ் டூ டியூஷன் கட்டணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆங்கிலம் வளர நாளிதழின் தலையங்கம் படி என்று மூத்தவர்கள் சொல்வது வழக்கம். தலையங்கம் பத்தாம் வகுப்பு மாணவருக்கு எட்டாத உயரம். விளையாட்டுப் பக்கமும் உள்ளூர்ச் செய்தியும் முதலில் வரட்டும், பிறகு தலையங்கத்துக்கு வந்துகொள்ளலாம்.

பார்க்காத பத்திக்குப் பொதுத்தேர்வில் இடத்தை விரித்தால் தமிழ்வழி மாணவரும் முதல் தலைமுறையாகப் படிப்பவரும் தோற்றுவிடுவார்கள் என்று ஓர் அச்சம் இருக்கிறது. அந்த அக்கறை உண்மையானது. ஒதுக்கித் தள்ளக் கூடாதது. அதற்குப் பதில் பத்திகளின் படிநிலையில் இருக்கிறது. முதல் பத்தி ரயில் அறிவிப்பாகவோ மருந்துச் சீட்டின் குறிப்பாகவோ இருக்கட்டும். அதிலேயே தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணில் ஒரு பகுதி கிடைக்கட்டும். கடைசிப் பத்தி நுழைவுத் தேர்வுத் தரத்தில் இருக்கட்டும். காவ்காவ் இதைத்தான் செய்கிறது. இன்றைய ஏற்பாடு அந்த மாணவரைத் தேர்வில் காப்பாற்றிவிட்டு, கல்லூரி வகுப்பில் கைவிடுகிறது. அங்கே அவருக்காகப் பேச யாருமில்லை. பாடத்துக்கு 200 மதிப்பெண்ணை 100 ஆக்கவும் இரண்டு தாளை ஒன்றாக்கவும் முடிந்த தேர்வுத் துறைக்கு, 90-இல் 20 மதிப்பெண்ணைப் பார்க்காத பத்திக்கு ஒதுக்குவது முடியாத காரியமல்ல. ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.